ஆர்க்டிக் ஓடையில் பல கோடைகள்: வேடர் கால்சட்டையும் கொசுவலைச் சட்டையும் எப்படி உழைத்தன?

அலாஸ்காவின் வடசரிவில் இருக்கும் டூலிக் கள நிலையத்தை ஒட்டிய ஓடைகளில் பல கோடைகளாக மாதிரி சேகரிக்கிறேன். புதிதாக வருபவர்கள் மீட்டரையும் சென்சாரையும் பற்றித்தான் விசாரிப்பார்கள். அதெல்லாம் ஆய்வுக்குழு பார்த்துக்கொள்ளும். நாம் யோசித்து வாங்க வேண்டியது உடம்பில் மாட்டுவதைத்தான். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளக் கடை இருப்பது ஃபேர்பேங்க்ஸில். டால்டன் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் ஓட்டம்.

முதலில் வேடர், அதாவது மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டை. நியோப்ரீன் என்ற நுரை ரப்பரால் ஆன தடித்த வேடர் தண்ணீருக்குள் நிற்கும்வரை சொர்க்கம். ஆனால் ஓடைக்குப் போகும் வழியெல்லாம் புல் முண்டுகள். ஒன்றில் கால் வைத்தால் சாயும், இடையில் வைத்தால் சேறு. அந்த நடையில் நியோப்ரீனுக்குள் வியர்த்தே நனைந்துவிடுவோம். காற்றோட்டமுள்ள மெல்லிய வேடரும் உள்ளே கம்பளி நீள்கால்சட்டையும்தான் எனக்கு ஒத்துவந்தது.

அதன் குறை, ஊசித்துளை. குட்டை வில்லோ, பிர்ச் புதர்கள் முழங்கால் பக்கம் கீறிக்கொண்டே இருக்கும். வேடரை உள்வெளியாகத் திருப்பி, ஸ்பிரிட் அடித்துப் பாருங்கள். துளை உள்ள இடம் கருப்புப் புள்ளியாகத் தெரியும். அதன்மேல் புறஊதாப் பசை ஒரு பொட்டு, அப்புறம் வெயில். நள்ளிரவிலும் சூரியன் இருக்கிறதே என்று ராத்திரி ஒட்டாதீர்கள். அது சாய்ந்த வெயில், புறஊதா குறைவு, பசை பிசுபிசுத்தே கிடக்கும். மதியம் சில நிமிடங்களில் இறுகிவிடும்.

பூட்ஸுக்கு ரப்பர் அடியும் உலோக ஆணியும். வழுக்காது என்று பெயரெடுத்த ஃபெல்ட் (அழுத்திய நார்த்துணி) அடியை மீன்பிடிப்பவர்களுக்கே அலாஸ்கா 2012இல் தடை செய்தது. ஈரத்தோடு வேற்று உயிரிகளையும் ஓடைக்கு ஓடை சுமந்து போகும் என்பதால். ஆணியின் அருமை குபாருக் ஆற்றில் தெரியும். 1983இல் தொடங்கி அங்கே ஆய்வுக்காகக் கோடைதோறும் பாஸ்பரஸைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்கள். முதலில் கல்மேல் டயாட்டம் என்ற நுண்பாசி பெருகியது. பத்தாண்டு நெருங்கும்போது மாஸ் என்ற பச்சைப் பாசிச்செடி கிளம்பி, ஆற்றடியின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. கலந்த இடத்துக்கு மேலே வெறும் கல், கீழே மாஸ் மெத்தை. இரண்டிலும் ஒரே பூட்ஸோடு நிற்க வேண்டும். கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும்.

கொசுவைப் பற்றிக் கேட்டதெல்லாம் உண்மைதான். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க வலைச் சட்டை இல்லாமல் ஓடைப்பக்கம் போக முடியாது. துணி வெளிர் நிறமாகவும் முகவலை கருப்பாகவும் இருக்கட்டும். வெள்ளை வலை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். உள்ளே விளிம்புத் தொப்பி கட்டாயம். வலை மூக்கில் ஒட்டினால் வலைக்கு வெளியிலிருந்தே குத்தும். டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கையில் பூசியபடி மீட்டரையோ மாதிரிப் பாட்டிலையோ தொடக் கூடாது. நான் மணிக்கட்டுக்குக் கீழே பூசுவதே இல்லை.

கையுறைக்குத்தான் இன்னும் விடை கிடைக்கவில்லை. கல்லை எடுத்து, பிரஷால் தேய்த்து, பாசியைக் கழுவிப் பாட்டிலில் சேர்த்து, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். தோள்வரை வரும் ரப்பர் கையுறை தேய்க்க அருமை, மூடி திருகத் தோதில்லை. மெல்லிய நைட்ரைல் கையுறையோடு பத்து டிகிரித் தண்ணீரில் கொஞ்ச நேரத்திலேயே விரல் மரத்துவிடும். இப்போதைக்கு நைட்ரைலுக்கு அடியில் மெல்லிய கம்பளி உறை போடுகிறேன். சுமார்தான், தினமும் பிய்கிறது.