மூன்று தட்டுகளா, ஒரே பையா? மழலையர் வகுப்பில் திறன் வேறுபாட்டைக் கையாளும் வழிகள்

ஒரே மழலையர் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்குள் வயது வேறுபாடே ஏறத்தாழ 12 மாதம் வரை இருக்கக்கூடும். முப்பது வயதினர் இருவருக்கு இடையே ஓராண்டு ஒரு பொருட்டே அன்று. ஐந்து வயதில் அது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் கேட்ட மொழி, விரல்களின் வலிமை, புதியவர்களிடம் பேசும் துணிவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எல்லோருக்கும் ஒரே வேலையை ஒரே அளவில் கொடுப்பது சரிப்படாது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். எவ்வாறு வேறுபடுத்துவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

நான் ஓராண்டுக்கு மேல் திறன்வாரிக் குழுக்களை நடத்தினேன். பிறகு அவற்றை விட்டுவிட்டு, ஒரே செயல்பாட்டுக்குள் பல படிகளை வைக்கும் முறைக்கு மாறினேன். இடையில் ஆறு வாரம், வகுப்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வகை வேலையை வைத்து, எங்கே செல்வது என்பதைக் குழந்தையிடமே விடும் கற்றல் மூலைகளையும் முயன்று பார்த்தேன். ஆகவே இதை நடுநிலையான ஒப்பீடு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

திறன்வாரிக் குழு என்பதை விளக்கத் தேவையில்லை. குழந்தைகளை மூன்றாகப் பிரித்து, எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று தட்டுகளில் மூன்று வகைப் பொருள்களை வைப்பது அது. அதன் நன்மைகளும் வெளிப்படையானவை: ஆசிரியர் யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெளிவாகத் திட்டமிடலாம், கடினமான வேலையில் சிக்கிக்கொண்டு அழும் குழந்தையும், நொடியில் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைச் சீண்டும் குழந்தையும் குறைவு. முதல் மாதத்தில் இம்முறை மிக அழகாக நடந்தது என்பதை நான் மறைக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது அதன் பராமரிப்பு. எண், எழுத்து, பேச்சு, கைவேலை என நான்கு பகுதிகள்; பகுதிக்கு மூன்று தட்டுகள்; வாரம் ஒருமுறை மாற்றினால் பன்னிரண்டு தொகுப்புகள். ஒரு தொகுப்புக்கு இருபது நிமிடம் என்றாலும் வாரத்துக்கு நான்கு மணி நேரம் வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் போய்விடும். அந்த உழைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொருள்களைப் புதுப்பிப்பதிலேயே நேரம் முழுவதும் கரைந்துபோனதால், குழந்தைகள் எந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பதைப் புதுப்பிக்க நேரமே இல்லாமல் போயிற்று. இந்த வயதில் ஒரு குழந்தை இரண்டு வாரத்தில் ஒரு படி தாவிவிடும். பெயர்ப் பட்டியலோ சுவரில் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும்.

ஒரு நாள் வகுப்பு வாசலில் கழற்றிவைத்த காலணிகளை ஒரு சிறுமி இணையிணையாக அடுக்கிக்கொண்டே, "இரண்டு, நான்கு, ஆறு" என்று இருபது வரை தடையின்றி எண்ணினாள். இரண்டு மாதங்களுக்கு முன் நான் எளிய தட்டில் சேர்த்த குழந்தை அவள். அன்று காலையிலும் அவளுக்கு நான் கொடுத்திருந்தது ஐந்து வரை எண்ணும் அட்டைகளைத்தான். அவளும் மறுக்காமல் அவற்றைச் செய்து முடித்து, கைகட்டி உட்கார்ந்திருந்தாள். தட்டுகளுக்கு நிறம் மட்டுமே கொடுத்திருந்தேன். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதைக் குழந்தைகள் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரத்துண்டுகளைக் கொண்டு ஒரு பிரமிடு கட்டும்போது பெரியவர்கள் எவ்வாறு உதவலாம் என்பதை ஆராய்ந்த டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும், 1976இல் அவ்வுதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். சாரம் கட்டுவதே பிறகு அவிழ்ப்பதற்காகத்தான். என் தட்டுகள் அவிழ்க்க ஆள் இல்லாத சாரமாக நின்றுவிட்டன.

இனி, நான் மாறிய முறை. ஒரு துணிப்பை நிறையப் பல அளவிலும் நிறத்திலும் பொத்தான்கள்; நால்வருக்கு ஒரு பை; "உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி அடுக்குங்கள்" என்ற ஒரே பணி. ஒரே மேசையில் ஒருவன் ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டு எண்ணுகிறான். ஆனால் வட்டமாக அடுக்கியதால் தொடங்கிய இடத்தை மறந்து, முதல் பொத்தானை மறுபடியும் எண்ணிவிடுகிறான். அடுத்தவள் நிறவாரியாக வரிசை கட்டி, எந்த வரிசை நீளம் என்று பார்க்கிறாள். மூன்றாமவன் இரண்டு துளை, நான்கு துளை எனப் பிரித்துவிட்டு, துளையே தெரியாத ஒரு பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கிறான். நான்காவது குழந்தை எண்ணவே இல்லை. ஐந்தைந்தாகக் குவித்துவிட்டு, "நாலு குவியல், அப்புறம் மூணு" என்கிறாள்.

குழந்தைகள் எண்ணும்போது கைக்கொள்ளும் ஐந்து கோட்பாடுகளை 1978இல் உளவியலாளர்கள் ரோசெல் கெல்மனும் சி. ஆர். காலிஸ்டலும் வகுத்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் மாறாத வரிசை, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பவை அவற்றில் முதல் மூன்று. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த மேசையில் யாருக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். வட்டமாக எண்ணியவனிடம், "எண்ணி முடித்ததை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டால் போதும், குவியலாக்கியவளிடம், "இன்னும் எத்தனை இருந்தால் ஐந்தாவது குவியல் நிறையும்?" என்று கேட்கலாம். மறுநாள் அவள் களைத்துப்போய் வந்து ஒவ்வொன்றாகவே எண்ணினாலும் பட்டியலில் எதையும் திருத்த வேண்டியதில்லை.

இதற்கும் பராமரிப்பு உண்டு. பொத்தான்களைத் தயாரிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் வகுப்பு வெறும் விளையாட்டாக முடிந்துவிடும். நாளுக்கு மூன்று குழந்தைகளை மட்டும் உற்றுக் கவனித்து, ஆளுக்கு இரண்டு வரி குறித்துவைக்கிறேன். 24 பேர் உள்ள வகுப்பில் எட்டு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. தட்டுகளுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. அதுவும் வெட்டி ஒட்டுவதில் போகாமல் குழந்தைகளைப் பார்ப்பதிலேயே போகிறது.

கற்றல் மூலைகளைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஆறு வாரத்தை வைத்துத் தீர்ப்பு வழங்குவது முறையாகாது. 1907இல் உரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் தம் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் உருளைக் கட்டைகளைப் போன்ற, பிழையைத் தாமே காட்டிக்கொடுக்கும் கருவிகள் இருந்தால் இம்முறை நன்றாக நடக்கக்கூடும். ஒரு கட்டையில் உள்ள பத்துக் குழிகளுக்கான, விட்டம் படிப்படியாக மாறும் பத்து உருளைகளில் ஒன்றை வேறு குழியில் செருகினால், கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். ஆசிரியர் அருகில் இல்லாவிட்டாலும் குழந்தை தானே திருத்திக்கொள்ளும். என்னிடம் அத்தகைய கருவிகள் இல்லை. மேலும், பென்சில் பிடிக்கத் தயங்கிய குழந்தைகள் அந்த ஆறு வாரமும் எழுதும் மூலைப் பக்கமே வரவில்லை. தேர்வை முழுவதும் குழந்தையிடம் விட்டால், எது கடினமோ அதுவே தவிர்க்கப்படுகிறது என்பது என் ஐயம். நீண்ட காலம் நடத்தியவர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் கற்பிப்பதில் என் பொத்தான் பை வேலை செய்யவில்லை. எண்ணுவதில் ஒரு குழந்தை தானாகவே வழி கண்டுபிடிக்கலாம். ஓர் எழுத்தின் ஒலியை யாராவது சொல்லித்தந்தால்தான் உண்டு. எழுத்து அட்டைகளைப் பரப்பி, "பிடித்ததைச் செய்யுங்கள்" என்றபோது, தெரிந்தவர்கள் சொற்களைக் கட்டினார்கள். தெரியாதவர்கள் அட்டைகளால் வீடு கட்டினார்கள். அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களையே வைத்திருக்கிறேன். ஆனால் அவை திறன்வாரிக் குழுக்கள் அல்ல. குறிப்பிட்ட சில ஒலிகளில் தடுமாறுகிறவர்களை மட்டும் பத்து நாள் சேர்த்து உட்கார வைக்கிறேன், பிறகு குழுவைக் கலைத்துவிடுகிறேன். நன்றாகப் படிக்கும் குழந்தையும் சில வேளைகளில் அதில் இருப்பாள் என்பதால், எந்தக் குழு எதற்கென்று இதுவரை எந்தக் குழந்தையும் கேட்கவில்லை.

தனி உதவி தேவைப்படும் குழந்தைகளில், செவித்திறன் குறைந்த ஒரு குழந்தைக்கும் பேச்சு தாமதமான ஒரு குழந்தைக்கும் மட்டுமே நான் கற்பித்திருக்கிறேன். அவர்களுக்குப் பொத்தான் பை போன்ற திறந்த செயல்பாடு மட்டும் போதவில்லை. பணியை வாயால் சொல்வதோடு நிற்காமல், செய்துகாட்டியும் படவரிசையாக மேசையில் வைத்தும் தர வேண்டியிருந்தது. அந்தப் படவரிசையை இப்போது எல்லா மேசைகளிலும் வைக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தைகள் குறைந்திருக்கிறார்கள்.