ஸ்டப்ஸின் 'அனாட்டமி ஆஃப் அப்யூசஸ்': குடியைப் பற்றிய பக்கங்களுக்காகவே படிக்கலாம்

ஆங்கில எழுத்தாளர் பிலிப் ஸ்டப்ஸ் சமூகத்தின் தீய பழக்கங்களைக் கண்டித்து 1583-ல் லண்டனில் வெளியிட்ட புத்தகம் இது, அந்த ஆண்டிலேயே மறுபதிப்பும் கண்டது. குடி, சூது, நாடகம், நடனம், கால்பந்து, ஆடம்பர உடை என்று அவர் கண்ணுக்குத் தப்பாகப் பட்ட எதையும் விடவில்லை. இங்கிலாந்தின் லத்தீன் பெயரான 'ஆங்லியா'வின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'அயில்க்னா' என்றொரு தீவாக்கி, அங்கே போய்வந்த ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதாக எழுதியிருக்கிறார்.

இதில் என்னை அப்படியே பிடித்து உட்கார வைத்தது 'சர்ச் ஏல்', அதாவது தேவாலயத்துக்குப் பணம் திரட்ட ஏல் என்ற பியர் வகை மதுவை விற்கும் விழா பற்றிய பகுதிதான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நெருங்கும்போது தேவாலய நிர்வாகிகளே ஊர் சம்மதத்தோடு ஏராளமாக மால்ட் (முளைகட்டிய தானியம்) வாங்கி, கொஞ்சம் ஊர்க்காரர்களிடமும் வாங்கிச் சேர்த்து, கடுமையான ஏல் காய்ச்சி, தேவாலயத்திலேயே வைத்துக்கூட விற்பார்களாம். முதலில் ஓடிப்போய் அதிகம் செலவழிப்பவர்தான் அங்கே பெரிய பக்தர். காசு எதற்கு என்று கேட்டால் கோயிலைப் பழுதுபார்க்க, வழிபாட்டு நூல் வாங்க என்பார்கள். சரி, அப்படியானால் ஜன்னல் ஏன் உடைந்து கிடக்கிறது, சுவர் ஏன் இடிந்திருக்கிறது, கூரை ஏன் மொட்டையாக இருக்கிறது என்று ஸ்டப்ஸ் திருப்பிக் கேட்கிறார். குடிக்கு எதிராக நான் படித்த பழைய எழுத்துகளில் இவ்வளவு கூர்மையான கேள்வி குறைவு, ஏனென்றால் நரகத்தைக் காட்டி மிரட்டாமல் கணக்குக் கேட்கிறார்.

இதே மனிதர் துணிக்குக் கஞ்சி போடுவதையும் சாத்தானின் வேலை என்கிறார். கஞ்சி போட்டு விறைப்பாக்கும் கழுத்துப்பட்டியின் மடிப்பு சரியில்லை என்று சபித்த ஆண்ட்வெர்ப் பெண்ணைச் சாத்தானே இளைஞன் வடிவில் வந்து கொன்றானாம், சவப்பெட்டியைத் திறந்தால் ஒரு கருப்புப் பூனை உட்கார்ந்து கழுத்துப்பட்டி மடித்துக்கொண்டிருந்ததாம்! கதை சுவையானதுதான். ஆனால் குடும்பத்தையே குலைக்கும் குடிக்கும் கழுத்துப்பட்டிக்கும் ஒரே தண்டனை என்றால், குடியைப் பற்றி அவர் சொன்னதன் எடை குறைகிறது, அதுதான் எனக்கு வருத்தம். 1606-ல் இங்கிலாந்தில் வந்த சட்டம் குடிவெறிக்கு 5 ஷில்லிங் அபராதம், கட்ட முடியாவிட்டால் 6 மணி நேரம் தொழுமரம் (காலைப் பூட்டிவைக்கும் மரச்சட்டம்) என்று அளவோடு நிறுத்திக்கொண்டது.

புத்தகத்தை வாங்க வேண்டியதில்லை, ஆங்கில அறிஞர் ஃபர்னிவல் 1877 முதல் 1879 வரை பதிப்பித்த பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே எடுங்கள், நல்ல நாடகமும் உண்டு என்று ஸ்டப்ஸ் ஒத்துக்கொள்ளும் முன்னுரை அதில் இருக்கிறது. முதல் பதிப்புக்குப் பிந்தைய பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய எழுத்துக்கூட்டல் முதலில் படுத்தும், வாய்விட்டுப் படித்தால் பாதி தானே புரிந்துவிடும். உடை பற்றிய நீண்ட பக்கங்களைத் தாண்டி, நேராக சர்ச் ஏலுக்குப் போங்கள். அப்புறம் நேரமிருந்தால், அதே காலத்து ஆங்கில எழுத்தாளர் தாமஸ் நாஷ் 1592-ல் குடிகாரர்களைக் குரங்கு, சிங்கம், பன்றி, ஆடு என்று எட்டு வகையாகப் பிரித்த பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.