நாலு மைக் போடலாம் என்றால் நாலு ட்ராக் வரும் என்று நம்பாதீர்கள்

பாட்காஸ்டுக்கு ஆல்-இன்-ஒன் ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது பணம் மட்டும் இல்லை, ஒரு நல்ல பேட்டியும் பாழாகிவிட்டது.

மிக்சர், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், லேப்டாப் என்று மூட்டை கட்டிக்கொண்டு அலையாமல் ஒரே பெட்டியில் வேலை முடியட்டும் என்றுதான் கடைக்குப் போனேன். நான் கேட்ட முதல் கேள்வியே, "ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனி ஃபைலா வருமா?" என்பதுதான்.

"தாராளமா வரும் சார். நாலு சேனல், மல்டிட்ராக். பெட்டி மேலயே போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நாலு ஃபேடரையும் கடைக்காரர் ஏற்றி இறக்கிக் காட்டினார். பட்டனைத் தட்டிக் கைதட்டல் ஒலி எழுப்பினார். மெமரி கார்டைக் கழற்றி, உள்ளே என்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

முதல் பேட்டி, பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையோடு. நான், நண்பர், அவர் என்று மூன்று மைக். ஒன்றரை மணி நேரம் பேசினார். கடைசி நாள் வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு பெயரில் குரல் தழுதழுத்து நிறுத்தினார். சரியாக அந்த இடத்தில் நண்பருக்கு இருமல் வந்துவிட்டது. பரவாயில்லை, அவருடைய ட்ராக்கில் அந்த ஒரு நொடியை வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கார்டைத் திறந்தால் ஒரே ஒரு ஸ்டீரியோ ஃபைல். அளவு சுமார் 950 எம்பி. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கணக்கு அதோடு முடிந்துவிடுகிறது. வேறு ட்ராக் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன், அங்கேயும் இரண்டே சேனல், இடது வலது. இருமல் ஆசிரியையின் குரல் மேலேயே உட்கார்ந்திருந்தது. இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போட்டால் இருமலோடு சேர்ந்து அந்தப் பெயரும் தேய்ந்து போனது.

சேனல் என்பது ஒலி உள்ளே வரும் வழி. ட்ராக் என்பது கார்டில் தனியாக எழுதப்படும் பதிவு. நாலு வழியாக வாங்கி, கலக்கி, ஒரே பதிவாக எழுதும் பெட்டிக்கும் "நாலு சேனல்" என்று போட்டு விற்கலாம். "மல்டிட்ராக்" என்று போட்டது மட்டும் அப்பட்டமான பொய்.

மற்ற குறைகள் அடுத்த சில நாளில் தெரிந்தன. டைனமிக் மைக்குக்குக் கெயின், அதாவது மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் அளவு, போதவில்லை. ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபெல் வேண்டும். இதிலோ குமிழைக் கடைசிவரை திருகினால் குரலைவிட 'ஸ்ஸ்' என்ற சத்தம்தான் அதிகம். போனில் பேசும் விருந்தினருக்கு அவர் குரலே எதிரொலியாகத் திரும்பிப் போனது. அவர் குரலை மட்டும் விலக்கி மற்றதை அவருக்கு அனுப்பும் மிக்ஸ்-மைனஸ் வசதி இதில் கிடையாது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பீஸ் நல்லா வேலை செய்யுது சார், ரிப்பேர் இருந்தாதான் மாத்துவோம்" என்றார்கள். எனக்கு ஆறவே இல்லை. உடைந்த பொருளைக் கொடுத்திருந்தால்கூட வாரண்டி இருக்கும். பொய் சொல்லி விற்ற பொருள் ஒழுங்காக ஓடினால் வாரண்டி கைகொடுக்காது. கடைசியில், "அப்டேட்ல வந்துடும்" என்று ஒரு சமாதானம் வேறு.

அப்படி வந்த கருவி உண்டு. 2018-ல் வெளியான ரோட்காஸ்டர் ப்ரோ முதலில் கார்டில் ஸ்டீரியோவாகத்தான் பதிந்தது, தனி ட்ராக் பின்னால் அப்டேட்டில் வந்தது. அதற்காகக் கடைக்காரர் வாக்கை நம்பி இல்லாத வசதிக்குக் காசு கொடுக்காதீர்கள். இன்றைக்குக் கையில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் கொடுங்கள்.

அப்புறம், கார்டையும் யூஎஸ்பியையும் தனித்தனியாக விசாரியுங்கள். ஜூம் பாட்ட்ராக் பி4 நல்ல கருவிதான், நாலு மைக்கையும் கார்டில் தனித்தனியாக எழுதும், நாலு ஹெட்ஃபோனுக்கும் தனி வால்யூம் உண்டு. ஆனால் யூஎஸ்பியில் அதுவும் ஸ்டீரியோ கலவையைத்தான் அனுப்பும். உங்கள் கார்டையே கடைக்குக் கொண்டு போங்கள். இரண்டு மைக்கை மாட்டி, ஆளுக்கொரு பக்கமாக ஒரு நிமிடம் பேசி, அங்கேயே லேப்டாப்பில் போட்டுக் கேளுங்கள். மேனுவலையும் முன்கூட்டியே இணையத்தில் இறக்கிப் பாருங்கள், பதிவு பற்றிய பக்கத்தில் எத்தனை ஃபைல் உருவாகும் என்று இருக்கும். அந்தப் பக்கமே இல்லாத மேனுவல் என்றால் வாங்காதீர்கள்.

ஆசிரியை பெரிய மனசோடு இன்னொரு முறை வந்தார். இரவல் வாங்கிய ரெக்கார்டரில், ஆளுக்கொரு ட்ராக்கில் பதிந்தோம். பதிவேட்டுக் கதையையும் சொன்னார். இந்த முறை எந்தப் பெயரிலும் நிற்காமல் முடித்துவிட்டார். அதனால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பழைய பதிவையே சேர்த்திருக்கிறேன், இருமலோடு.