குழந்தையின் தோல் தடிப்பு: பஞ்ச் பயாப்சியா, நீள்வெட்டா?

கோலாலம்பூர் அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தோல் நிபுணரிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்கு, இடுப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற வலியில்லாத தடிப்பு இருக்கும். அது இணைப்புத்திசு மச்சமாக, அதாவது தோல் நார்களால் உருவாகும் தீங்கற்ற தடிப்பாக இருக்கலாம். கத்தியை எடுக்குமுன் உட்ஸ் விளக்கில் (புற ஊதா விளக்கு) உடல் முழுக்கப் பாருங்கள். 5 மி.மீ.க்குக் குறையாத வெளிர் திட்டுகள் 3 இருந்தால் ட்யூபரஸ் ஸ்க்லரோசிஸா (பல உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) என்று பார்க்க வேண்டும். பயாப்சியே (தோல் துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படாமல் போகலாம்.

பஞ்ச்: 4 மி.மீ. வட்டக் கத்தி, ஒன்றிரண்டு தையல். மரப்புக் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே பூசி மூடினால் ஊசி வலி குறையும். ஆனால் கொலாஜன் என்ற தோல் நார் சற்றுக் கூடியிருப்பது நல்ல தோலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். தடிப்பில் மட்டும் எடுத்தால் ‘இயல்பான தோல்’ என்று அறிக்கை வந்துவிடும், பிள்ளைக்கு வலிதான் மிச்சம். பக்கத்து நல்ல தோலிலும் ஒரு துண்டு எடுங்கள்.

நீள்வெட்டு: கத்தியால் நீளமாக, ஆழமாக வெட்டி எடுப்பது. நல்ல தோல், தடிப்பு, அடிக்கொழுப்பு மூன்றும் ஒரே துண்டில் கிடைக்கும். தழும்பு நீளமாக இருக்கும்; தோள், மார்பில் அது தடித்தும் போகலாம். சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். ஆனாலும் தடிப்பு வளர்ந்தாலோ இறுகினாலோ எங்கள் தேர்வு இதுதான். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற புற்றுக்கட்டியை மேலோட்டமான துண்டு தவறவிடும். இந்தப் புற்றைக் கண்டறிய ஆய்வகத்தில் போடும் சிடி34 சாயத்தை மட்டும் நம்ப வேண்டாம். தீங்கற்ற மச்சம் சிலவற்றிலும் அது ஏறும். சந்தேகமிருந்தால் இந்தப் புற்றில் இரண்டு மரபணுக்கள் ஒட்டியிருப்பதைக் காட்டும் மரபணு இணைவுச் சோதனை கேளுங்கள்.

எதைச் செய்தாலும், ஆய்வகப் படிவத்தில் ‘எலாஸ்டிக் சாயமும் தேவை’ என்று எழுதுங்கள்; தோலின் மீள்நார்களைக் காட்டும் சாயம் அது.