முற்றத்து ஜல்லியைக் கழுவித் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஏமாறாதீர்கள்: எனக்குப் போனது 18,500 ரூபாய்

இன்று காலை முற்றத்தில் ஒரு மூலையில் ஜல்லியைச் சிரட்டையால் தோண்டிப் பார்த்தேன். நான்கு விரல் ஆழத்தில் நீலத் தார்ப்பாய் தட்டுப்பட்டது. லாரியில் சுமையை மூடுவதற்குப் போடுவார்களே, அதே தார்ப்பாய். அதன்மேல் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மூக்கை எரித்த நெடியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதற்குத்தான் 18,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. முன்னால் ஒன்றரை சென்ட் முற்றம். நம் ஊரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, செம்மண் சகதி வீட்டுக்குள் வருகிறதே என்று இரண்டு வருஷத்துக்கு முன் அரை இஞ்சு ஜல்லி விரித்தோம். சகதி போனது. ஆனால் வீட்டில் இரண்டு நாய்கள். ஜல்லியில் நாய் வெளிக்குப் போனால் அள்ளுவது எவ்வளவு பாடு என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும், பாதி இடுக்கில் இறங்கும், ஒரு மழை பெய்தால் கரைந்து எங்கே போனதென்றே தெரியாது. மூத்திர வாடை அதற்கு மேல். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள், “மக்ளே, எங்க அடுக்களை வரைக்கும் நாறுது, ஏதாவது செய்யி” என்று சொன்னபோது எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டு முற்றம் சுத்தம் செய்து தரும் ஆட்கள். மறுநாளே ஒருவர் வந்து பார்த்தார். வந்தவுடன் விலை பேசவில்லை. குனிந்து ஒரு பிடி ஜல்லியை அள்ளி மோந்து பார்த்தார். “அக்கா, தப்பு உங்க மேல இல்ல, கல்லு மேலயும் இல்ல. அடியில துணி போடாம விரிச்சிருக்காங்க” என்றார். யாரைக் கண்டாலும் குரைக்கும் எங்கள் கருப்பி அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. தன் வீட்டிலும் ஒரு நாய் இருந்ததாகவும் போன வருஷம் செத்துப்போனதாகவும் சொல்லி அதன் தலையைத் தடவினார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். நாயை நேசிக்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்துவிட்டேன்.

ஜல்லி முழுவதையும் அள்ளிக் கழுவுவோம், மண்ணில் வாடையைப் போக்கும் என்சைம் மருந்து அடிப்போம், தண்ணீர் இறங்கும் துணி விரித்துத் திரும்பப் போடுவோம், மொத்தம் 18,500 என்றார். முன்பணம் 10,000, வேலை முடிந்ததும் 8,500. கிணற்று மோட்டாரை மாற்ற எடுத்து வைத்திருந்த பணம். குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர், “பில் கேளு” என்று மட்டும் சொன்னார். கேட்டேன். ஒரு தாளில் பேனாவால் தொகையை எழுதிக் கொடுத்தார். அதில் கடைப் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

என்சைமைத் தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுத்தது. வீட்டில் ஃபினாயில் கலக்கும்போதும் இப்படித்தானே ஆகும் என்று கேட்டேன். “இது வெளிநாட்டு ஃபார்முலா அக்கா” என்றார். துணி விரித்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை, மகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். திரும்பி வரும்போது மேலே ஜல்லி பரப்பி முடித்துவிட்டார்கள். வேலை முடிந்தது என்று மீதி 8,500-ஐயும் அனுப்பினேன்.

நான்கு நாள் எலுமிச்சை மணம். அப்புறம் மழை பெய்தது. பழைய வாடைக்கு மூன்று மடங்கு வாடை. முன்பு மூத்திரத்தை மண்ணாவது குடித்தது. இப்போது இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது, தேங்கியது அம்மோனியாவாக மாறி மேலே வருகிறது.

கூப்பிட்டேன். “என்சைம் வேலை செய்ய ஆரம்பிச்சா முதல்ல வாடை கூடத்தான் செய்யும், பத்து நாள் பொறுங்க.” பொறுத்தேன். பதினோராம் நாள், “பையன் வருவான்.” யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால், “உங்க நாய்ங்க தண்ணி ரொம்பக் குடிக்குதோ?” என்று என்னிடமே கேட்கிறார். என் நாய் தண்ணீர் குடித்தது குற்றமாம்! இன்னொரு நம்பரைக் கொடுத்தார். அதில் பேசிய பெண், “பில் நம்பர் சொல்லுங்க மேடம், உங்க பேர்ல ரெக்கார்டே இல்ல” என்றாள். நேற்று மாலை தார்ப்பாயைப் பற்றித் தெரியாமலேயே, பணத்தில் பாதியாவது திருப்பித் தாருங்கள் என்று செய்தி அனுப்பினேன். ராத்திரிக்குள் அவர் போட்டோ மறைந்துவிட்டது. போன் போகவில்லை. 18,500 ரூபாய்!

பணத்தைவிடப் பயம் வேறு. கருப்பியைக் காட்டிய கால்நடை மருத்துவர், இப்படித் தேங்கும் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருந்தால் காலில் ஒரு சின்னப் புண் போதும், உள்ளே போய்விடும் என்றார். என் அம்மா செருப்புப் போடாமல்தான் முற்றத்தில் நடப்பார். இரண்டு வாரமாக அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

ஜல்லி முற்றத்தை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: துணி விரிப்பதற்கு முன் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், நின்றால் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு மழை பெய்து வாடை இல்லையென்று தெரியும்வரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள். நம்பர் போட்ட பில் இல்லாமல் முன்பணமும் வேண்டாம். ஆத்திரத்தில் மூத்திரம் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் புகை வரும். நாய் போனதை அன்றன்றே, மழைக்கு முன்பே அள்ளிவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பணம் அனுப்பிய விவரம் போனில் இருக்கிறது, அதை வைத்து நாளை கூப்பிடப் போகிறேன்.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழைக்கு முன் அந்தத் தார்ப்பாயை ஒரு ஓரத்திலாவது கிழித்துவிட வேண்டும். மம்பட்டி எடுத்துக்கொண்டு போகிறேன்.