பிடிபி: பைத்தானோடு வரும் டிபக்கரும் அதன் உதவிக் குறிப்புகளும்

பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் பிடிபி என்ற டிபக்கரை, அதாவது நிரலை இடையில் நிறுத்திப் பிழை தேட உதவும் கருவியை, பல ஆண்டுகளாக அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். எடிட்டருக்குள் அழகான டிபக்கர்கள் கிடைத்தும் இதை விட மனம் வரவில்லை. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். தொலைவிலுள்ள சர்வரில் வெறும் டெர்மினல் இருந்தால் போதும். பைத்தான் 3.7 பதிப்பில் பிரேக்பாயின்ட் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) மொழிக்குள்ளேயே வந்துவிட்டதால், நிறுத்த வேண்டிய இடத்தில் அதை அழைத்தாலே நிரல் நின்றுவிடும்.

புதிதாக வருபவரை முதலில் எரிச்சலூட்டுபவை ஓரெழுத்துக் கட்டளைகள். நிரலில் 'சி' என்று ஒரு மாறி இருக்கிறது, அதன் மதிப்பைப் பார்க்கலாம் என்று அந்த எழுத்தைத் தட்டினால் மதிப்பு வராது. 'தொடர்ந்து ஓடு' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு நிரல் ஓடிவிடும். முன்னால் ஆச்சரியக்குறி இட்டால்தான் மாறி என்று புரிந்துகொள்ளும். எதுவும் எழுதாமல் என்டர் தட்டினால் முந்தைய கட்டளை மறுபடி நடக்கும். தெரிந்தவருக்கு இது வசதி, தெரியாதவருக்கோ நிரலுக்குப் பேய் பிடித்தாற்போல் இருக்கும்.

பழகப் பழகத் தெரிந்தது, பிடிபியில் சிக்கல் பெரும்பாலும் கருவியில் இல்லை, அதை விளக்கும் எழுத்தில் இருக்கிறது என்பது. 'அன்டில்' கட்டளையைப் பாருங்கள். இப்போதைய வரி எண்ணைவிடப் பெரிய எண்ணுள்ள வரி வரும்வரை ஓடும் என்கிறது உதவிக் குறிப்பு. பிழையே இல்லாத வாக்கியம். படித்தவருக்குப் பயனும் இல்லை. 1,000 சுற்று ஓடும் லூப்பின் கடைசி வரியில் நின்றுகொண்டு 'நெக்ஸ்ட்' கொடுத்தால் மறுபடி லூப்பின் தலைக்கே போவீர்கள். 'அன்டில்' கொடுத்தால் மிச்சச் சுற்றுகள் எல்லாம் முடிந்து லூப்புக்கு அடுத்த வரியில் நிற்கும். அந்தக் கட்டளையின் அருமையே இதுதான், அதைத்தான் குறிப்பு சொல்லவில்லை.

'ஜம்ப்' குறித்த பத்தியை வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும். பின்னால் தாவிச் சில வரிகளை மீண்டும் ஓட்டலாம், முன்னால் தாவி வேண்டாததைத் தவிர்க்கலாம், ஆனால் ஃபார் லூப்பின் நடுவில் போய்க் குதிக்க முடியாது என்று எல்லையையும் சேர்த்தே சொல்கிறது. 'டிஸ்ப்ளே' கட்டளை ஒரு கோவையின் (எக்ஸ்பிரஷன்) மதிப்பு மாறியிருந்தால், நிரல் நிற்கும்போது காட்டும். பட்டியலை அப்படியே கொடுத்தால் மட்டும் ஏமாற்றிவிடும்: உறுப்பு சேர்ந்தாலும் பழையதும் புதியதும் ஒரே பட்டியல் என்பதால் மாற்றம் தெரியாது. பட்டியலின் நகலைக் கொடுக்கச் சொல்லும் எடுத்துக்காட்டு இப்போது ஆவணத்தில் இருக்கிறது. ஒரு டிபக்கரின் ஆவணம் முழுவதும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

பிரேக்பாயின்ட், அதாவது நிறுத்தப்புள்ளி, வைக்கும் கட்டளையின் குறிப்பில் வேகத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எக்ஸ்86 வகைக் கணினியில், சி போன்ற மொழிகளுக்கான டிபக்கரான ஜிடிபி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிரலை நிறுத்தும் ஒரு பைட் அளவுள்ள கட்டளையை எழுதிவைக்கும்; ஓட்டம் அங்கே வரும்வரை நிரலுக்குச் சுமை இல்லை. பிடிபியோ நெடுங்காலம் 'செட்டிரேஸ்' என்ற வசதியை மட்டுமே நம்பியிருந்தது. ஒரு கோப்பில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்தாலும், அந்தக் கோப்பின் செயற்கூறுகள் ஓடும்போது வரிக்கு வரி டிபக்கர் அழைக்கப்படும். கணக்கீடு மிகுந்த நிரல் ஏன் தவழ்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பெப் 669 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு வழியாக 3.12இல் வந்த மானிட்டரிங் வசதி இந்தச் சுமையைக் குறைக்கும் வழியைத் திறந்தது; 3.14இல் பிடிபியும் அதன்மேல் ஓடத் தொடங்கியது. அதே பதிப்பில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் நிரலோடு அதன் பிராசஸ் எண்ணைக் கொடுத்து இணையவும் முடிகிறது. சர்வர் வேலைக்கு இதைவிடப் பெரிய மேம்பாடு இல்லை.

பிடிபியின் மூலநிரல் பைத்தானிலேயே இருப்பதால் பிரித்துப் பார்க்கலாம், நீட்டிக்கவும் செய்யலாம். 'டூ' என்று தொடங்கும் ஒவ்வொரு மெத்தடும் ஒரு கட்டளை. அந்த மெத்தடின் டாக்ஸ்டிரிங் (அதன் தொடக்கத்தில் எழுதும் விளக்க உரை) அப்படியே 'ஹெல்ப்' காட்டும் உரையாகிவிடும். டாக்ஸ்டிரிங்குகளை நீக்கும் இரட்டை 'ஓ' விருப்பத்தோடு பைத்தானை ஓட்டினால், உதவி வேண்டுமென்றால் அப்படி ஓட்டாதீர்கள் என்று பிடிபியே கடிந்துகொள்ளும். விதிகளை எழுத நாங்கள் பயன்படுத்தும் சிறிய மொழிக்கு இப்படித்தான் சில கட்டளைகளைச் சேர்த்திருக்கிறேன். கட்டளை என்ன செய்யும் என்பதோடு, எப்போது வேண்டியிருக்கும் என்றும் ஒரு வரி எழுதுவது என் வழக்கம். அந்த ஒரு வரிக்காகத்தான் சகாக்கள் 'ஹெல்ப்' தட்டுகிறார்கள்.

பல திரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக நடக்கும் ஓட்டங்கள்) ஓடும் நிரலுக்கு மட்டும் இதைத் திறப்பதில்லை. 'செட்டிரேஸ்' திரெட்டுக்குத் திரெட் தனி என்பதால் ஒன்றில் வைத்த கண்காணிப்பு மற்றொன்றை எட்டாது. அங்கே திரெட் பெயருடன் லாக் எழுதிப் படிப்பதே விரைவாக முடிகிறது.