கார் ஷெட்டுக்கு எம்.எஸ். பைப்பா, ஜி.ஐ. பைப்பா? குமரி மாவட்டத்துக்கு ஒரு கணக்கு

வீட்டு முற்றத்தில் கார் ஷெட் போட வெல்டிங் பட்டறைக்குப் போனால் முதல் கேள்வியே "எம்.எஸ்.ஸா, ஜி.ஐ.யா?" என்பதுதான். எம்.எஸ். பூச்சில்லாத இரும்பு. ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, மேலே பெயிண்ட் அடித்தால்தான் நிற்கும். ஜி.ஐ. துத்தநாகப் பூச்சோடு வருகிறது, அதனால் விலை கூடுதல். "காசு இருந்தால் ஜி.ஐ., இல்லாவிட்டால் எம்.எஸ்." என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீடு குளச்சலில் இருக்கிறதா குலசேகரத்தில் இருக்கிறதா என்பதைப் பார்த்துதான் இதை முடிவு செய்ய வேண்டும்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் பிரச்சினை உப்புக்காற்று. கூரையின் மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தை யார் கழுவுவது? கடற்கரையில் ஒரு பழைய ஷெட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். தகடு பைப்பில் உட்காரும் இடுக்கு, ஸ்க்ரூவின் அடிமுனை, வெல்டிங் மூட்டு, இந்த மூன்றில்தான் துரு முதலில் பிடித்திருக்கும். இங்கே எம்.எஸ். போட்டால் அடிக்கடி சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கடலோரத்துக்கு ஜி.ஐ.தான்.

ஆனால் ஜி.ஐ.யிலும் ஒரு குறை உண்டு. வெல்டிங் வைக்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள துத்தநாகம் எரிந்து போய்விடும். அந்த இடம் மறுபடியும் வெறும் இரும்பு. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும். வெறும் சில்வர் பெயிண்ட் அடித்தாலும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் துத்தநாகம் தரும் பாதுகாப்பு கிடைக்காது. பைப்பின் திறந்த வாய்களையும் மூடிவிடச் சொல்லுங்கள், துரு உள்ளிருந்தும் தின்னும். வெல்டிங்கே வேண்டாம் என்றால் போல்ட் போட்டு மாட்டும் ரெடிமேட் ஷெட் இருக்கிறது. பூச்சு கெடாது, வேண்டுமானால் கழற்றி வேறிடத்துக்கும் கொண்டு போகலாம். மலிவானவற்றில் பைப் மெலிசாக இருக்கும் என்பதுதான் என் தயக்கம்.

உள்நாட்டுக்கு வருவோம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் உப்பு குறைவு, இரண்டு பருவமழையின் ஈரம் அதிகம். அங்கே ஒழுங்காகப் பிரைமர் அடித்த எம்.எஸ். தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசைக் கனத்தில் போடுங்கள். 2 அங்குலச் சதுர பைப் 20 அடி நீளம் எடுத்தால், 2 மி.மீ. கனத்தில் சுமார் 18 கிலோ வரும், 1.2 மி.மீ. என்றால் 11 கிலோதான். ஒரே தொகைக்கு மெலிசான ஜி.ஐ.யும் கனமான எம்.எஸ்.ஸும் கிடைத்தால், இந்தப் பக்கத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சரி, எந்த பைப் என்றாலும் அதைவிடப் பெரிய விஷயம் காற்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது ரப்பரும் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்ததை இந்த மாவட்டம் பார்த்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் புயல் இல்லாமலே காற்று அடிக்கும், காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கணக்கு இதுதான்: மணிக்கு 100 கி.மீ. காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ. 10 அடிக்கு 18 அடி கூரை என்றால் கிட்டத்தட்ட 790 கிலோ. கூரைத் தகட்டின் எடையோ 100 கிலோவைத் தாண்டாது. காற்று கூரையை மேலே தூக்கும்போது பிடித்து நிறுத்துவது அஸ்திவாரம்தான். ஒன்றரை அடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் கான்கிரீட் சுமார் 300 கிலோ, நாலு தூணுக்கு 1,200 கிலோ. தூணின் அடியில் பேஸ் பிளேட் என்ற தட்டை வைத்து, அதைத் தரையோடு நாலு ஆங்கர் போல்ட்டால் முடுக்குவது செலவு குறைவுதான், ஆனால் அடியில் இருப்பது 3 அங்குலத் தளம் என்றால் அதை நம்பி நான் காரை நிறுத்த மாட்டேன்.

நாலு பக்கமும் திறந்த ஷெட்டா, மூன்று பக்கம் அடைத்ததா என்பதிலும் இதே கணக்கு வரும். மூன்று பக்கம் அடைத்து வாசலை மட்டும் காற்று வரும் திசையில் விட்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்கும். அடைப்பதானால் ஷட்டரும் போட்டு முழுதாக அடையுங்கள். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையா, திறந்தே இருக்கட்டும்.

கூரைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கடலோரத்தில் கால்வல்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு) அடித்தகட்டின் மேல் கலர் கோட்டிங் போட்டது, 0.5 மி.மீ. கனத்தில். சாதாரண ஜி.ஐ. தகட்டைவிட அது உப்பைத் தாங்கும். பாலிகார்பனேட் வெளிச்சம் தரும், ஆனால் வெயிலில் மஞ்சளித்துப் போகும். தென்னை நிற்கும் முற்றத்தில் அது வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாம், ஒரு தேங்காய் விழுந்தால் போதும். இரும்புத் தகடு நெளியும், உடையாது. கூரையின் சரிவு, பக்கத்து வீட்டு மதிலை நோக்கி இருக்கக் கூடாது.

அப்புறம், பட்டறைகளின் ரேட்டை ஒப்பிடும்போது சதுர அடிக் கணக்கை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். குறைந்த ரேட் மெலிசான பைப்பால் வந்திருக்கலாம். பைப் கனம், தகட்டுக் கனம், அஸ்திவார ஆழம் மூன்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். இரும்பு வந்து இறங்கும் அன்று எடைச் சீட்டையும் கேளுங்கள்.